பட்டுப்புழு மனைக்குப் பக்கத்து அறையில் துப்பாக்கி, கொடுவாள், கத்தரி: எண்ணெய் போட்டும் துரு நிற்கவில்லை

கெலமங்கலத்தான் (கேள்வி):

வணக்கம். கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் மல்பெரி, மீதி ராகியும் தக்காளியும். அப்பா பெயரில் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தோடு ஒற்றைக்குழல் 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதைச் சுட்டுப் பல வருஷம் ஆகிறது. யானை வந்தால் இப்போது வனத்துறைக்குப் போன் போடுகிறோம், அவ்வளவுதான். ஆனாலும் அப்பாவுக்கு அதன் மேல் உயிர். அமாவாசைக்கு அமாவாசை பீரோவிலிருந்து எடுத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பார்.

போன ஐப்பசியிலிருந்து குழல் மேல் பழுப்பாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது. துடைத்தால் போகிறது, அடுத்த அமாவாசைக்குள் அதே இடத்தில் திரும்ப வருகிறது. துப்பாக்கி மட்டும் என்றால் பழசாகிவிட்டது என்று விட்டிருப்பேன். அதே அறையில் இருக்கிற கொடுவாள், கவாத்துக் கத்தரி, தாத்தாவின் இழைப்புளி, ஸ்பேனர் செட் எல்லாவற்றுக்கும் இதே கதி. புதிதாக வாங்கிய கத்தரி ஒரு பட்டம் புழு வளர்த்து முடிப்பதற்குள் திறக்க முடியாமல் இறுகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், காவேரிப்பட்டணத்தில் மாமா வீட்டுத் திண்ணையில் வருஷம் முழுக்கக் கிடக்கிற கொடுவாள் எங்கள் பூட்டிய அறைக்குள் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது.

எந்த எண்ணெய் போடலாம்? அந்த சிலிக்கா ஜெல் பாக்கெட் உதவுமா? துப்பாக்கி, கருவி இரண்டுக்கும் ஒரே வழி இருந்தால் நல்லது.


பென்னாகரம் டிராக்டர்:

தேங்காய் எண்ணெய் தலைக்குத்தான். டிராக்டருக்கு ஆயில் மாற்றும்போது வடிக்கிற பழைய ஆயிலை ஒரு டின்னில் பிடித்து வையுங்கள். கலப்பைக் கொழு, கடப்பாரை, மம்பட்டி எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் தடவுகிறேன். காசும் இல்லை, துருவும் இல்லை.


ஓசூர் ஸ்டோர்ஸ்:

தம்பி, எண்ணெயை அப்புறம் பார்க்கலாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த அறையின் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது? நடுவில் ஜன்னலோ வெண்டிலேட்டரோ உண்டா? அறைக்குள் வேறு என்னென்ன மூட்டை கிடக்கிறது? துரு அதிகம் வருவது தரைக்குப் பக்கத்தில் இருக்கிற பொருளிலா, மேலே தொங்குவதிலா?

பழைய ஆயில் சொன்ன நண்பருக்கு: கொழுவுக்கு நீங்கள் செய்வது ஓடும், ஏனென்றால் அடுத்த வாரமே மண்ணில் இறங்கித் தேய்ந்துவிடுகிறது. மாசக்கணக்கில் சும்மா இருக்கப் போகிற பொருளுக்கு அது வேண்டாம். என்ஜினில் எரிந்து வந்த அமிலமும் ஈரமும் கரியும் அதில் கலந்திருக்கும். அடிக்கடி கையில் படுவதும் தோலுக்குக் கெடுதல், புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் அதில் சேர்ந்திருக்கும். மல்பெரி வெட்டுகிற கத்தரியில் தடவினால் இலை வழியாகப் புழு வயிற்றுக்கே போகும்.


கெலமங்கலத்தான்:

மறுபக்கம் புழு வளர்ப்பு மனை. ஒரே சுவர்தான், மேலே சிமெண்ட் ஜாலி வைத்த வெண்டிலேட்டர் இருக்கிறது, மூடுவதில்லை. அறைக்குள் பீரோ, கருவி மாட்டும் பலகை, உர மூட்டைகள் (யூரியா, பொட்டாஷ்), மனைக்கு அடிக்கிற பிளீச்சிங் பவுடர் மூட்டை, சுண்ணாம்பு. பிளீச்சிங் பவுடர் பாதி மூட்டை எப்போதும் திறந்தே இருக்கும், வாயைச் சுருட்டி வைத்திருப்போம். துரு எல்லா உயரத்திலும் வருகிறது. ஆனால் மூட்டைக்கு நேர் மேலே தொங்குகிற கத்தரிதான் முதலில் போனது.


ஓசூர் ஸ்டோர்ஸ்:

அப்படியானால் கதை முடிந்தது. உங்கள் கருவியை அரிப்பது அந்தப் பாதி மூட்டை. உலகத்தில் உள்ள எந்த எண்ணெயை வாங்கினாலும் அந்த அறையில் தோற்கும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஓசூர் சிப்காட்டில் வண்டி பாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸும் டிஸ்பாட்சும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைந்து மெருகேற்றிய ஷாஃப்டுகளைத் துருப்பிடிக்காமல் வட இந்தியாவுக்கும் கப்பலுக்கும் அனுப்புவதுதான் சம்பளம் வாங்கிய வேலை.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் போதும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சுத்தமான இரும்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 60, 65-ஐத் தாண்டினால் வேகம் எடுக்கும். மேற்பரப்பில் உப்பு இருந்தால் அந்த எல்லையே கீழே இறங்கிவிடும், காரணம் உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உப்பிலேயே மோசமானது குளோரைடு வகை. பிளீச்சிங் பவுடர் மூட்டையிலிருந்து குளோரின் வாயு மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். அந்த மூக்கைத் துளைக்கிற வாசனையே அதுதான். அது ஈரத்தோடு சேர்ந்து இரும்பில் படிந்தால் இரும்பு குளோரைடு உண்டாகும். இந்த இரும்பு குளோரைடு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாக மாறும்போது குளோரைடைத் திரும்ப விட்டுவிடுகிறது. விடுபட்ட குளோரைடு அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. அப்பா துடைத்த அதே இடத்தில் மறுபடி வருவதற்கு இதுதான் காரணம். மேலே உள்ள பழுப்புதான் துணியோடு போகிறது, அடியில் குழிக்குள் உட்கார்ந்த குளோரைடு அப்படியே இருக்கிறது, அதன் மேல்தான் தேங்காய் எண்ணெய் போகிறது.

பொட்டாஷ் என்று நாம் வாங்குவதும் பொட்டாசியம் குளோரைடுதான். தூசியாகப் பறந்து படியும். ஆனால் முதல் எதிரி பிளீச்சிங் பவுடர், சந்தேகமே இல்லை.

அடுத்தது மனை. ஐந்தாம் பருவப் புழுவுக்கு 24, 25 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் வைத்துப் பழகியிருப்பீர்கள். இளம்புழுவுக்கு இன்னும் அதிகம், 80-க்கு மேல். அந்தக் காற்று ஜாலி வழியாக உங்கள் அறைக்குள் வருகிறது. 25 டிகிரியில் 70 சதவீத ஈரம் உள்ள காற்று, 19 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கிற எதைத் தொட்டாலும் பனித்துவிடும். நம் பக்கத்துக் கார்த்திகை, மார்கழி விடியற்காலையில் பூட்டிய அறைக்குள் இருக்கிற பீரோத் தகடு 19-க்குக் கீழே போகாமலா இருக்கும்? கெலமங்கலம், தளி பக்கத்துக் குளிர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவேரிப்பட்டணம் கீழே இருக்கிற வெயில் ஊர். அங்கே திண்ணையில் கிடக்கிற கொடுவாள் மழையில் நனைந்தாலும் பகலில் காய்ந்துவிடுகிறது, காற்றிலும் குளோரின் இல்லை. மாமா கொடுவாளின் ரகசியம் அவ்வளவுதான்.

ஆகவே செலவில்லாத வேலைகள் முதலில். பிளீச்சிங் பவுடரை மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றி வேறு கொட்டகையில் வையுங்கள். அது உங்கள் புழுவுக்கும் நல்லது. திறந்து வைத்த பவுடரில் குளோரின் போய்விட்டால், 100 லிட்டருக்கு 2 கிலோ பவுடர், 300 கிராம் நீற்றிய சுண்ணாம்பு என்று சரியாகக் கலந்து அடித்தாலும் கிருமி சாகாது. உர மூட்டையும் அந்த அறையை விட்டு, பவுடரோடு சேராமல், வேறு இடத்துக்குப் போகட்டும். ஜாலியை அறைப் பக்கம் செங்கல் வைத்துப் பூசிவிடுங்கள்; மனைக்குக் காற்று வேண்டுமென்றால் வெளிச்சுவர்ப் பக்கம் வழி செய்யுங்கள். துப்பாக்கி இருக்கிற பீரோவை வீட்டின் முன் அறைக்குக் கொண்டு போங்கள். வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விட்டு, அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள். இத்தனையும் செய்யாமல் எண்ணெய் பற்றிப் பேசுவதே வீண்.

தோல் உறை. இதைச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் மிச்சம் இருக்கும், ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காட்டுக்குக் கொண்டு போகும்போது அதில் போடலாம், வீட்டுக்கு வந்ததும் உருவிவிட வேண்டும். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த பிளாஸ்டிக் பெட்டியும் அப்படியேதான். கடையில் பளபளவென்று இருக்கும், மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. துப்பாக்கி பீரோவுக்குள் வெறுமனே நிற்பதே நல்லது. வேண்டுமானால் துவைத்து நன்றாகக் காய்ந்த பருத்தி வேட்டித் துணி போதும்.

இனி சுத்தம் செய்வது. கருவிக்கு ஒரு முறை, துப்பாக்கிக்கு வேறு முறை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கொடுவாள், கத்தரி, ஸ்பேனர் எல்லாவற்றையும் பிரித்து, பிடி கழன்றால் கழற்றி, ஒரு பழைய அலுமினியம் அல்லாத பாத்திரத்தில் வாஷிங் சோடா போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். (அலுமினியப் பாத்திரத்தைச் சோடா தின்றுவிடும்.) தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. குழிக்குள் இருக்கிற குளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும். கடைசி அலசலுக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரிலும் உப்பு எவ்வளவு என்று கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும். எடுத்த சூட்டோடு துடைத்து வெயிலில் வைத்து, கை பொறுக்கிற சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். ஆறவிட்டுத் தடவினால் இடையில் ஒரு படலம் ஈரம் மாட்டிக்கொள்ளும்.

துப்பாக்கிக்கு இந்தக் கொதிக்க வைக்கிற வேலை எதுவும் கூடாது. உரிமம் அப்பா பெயரில் என்பதால் எடுப்பதும் துடைப்பதும் அவர் கையிலேயே இருக்கட்டும். முதல் வேலை துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா நிற்கிற அறை காலியா என்று கண்ணால் பார்ப்பது. பல வருஷமாகச் சுடவில்லை என்பது ஒரு காரணமே இல்லை. தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் துணியை எடுக்க வேண்டும். குழலின் மேல் உள்ள கருநீலப் பூச்சு, அதுவும் ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான். தனியாக அது பெரிய பாதுகாப்பு தராது, எண்ணெயைப் பிடித்துக்கொள்ள உதவும். உப்புத்தாள் போட்டால் துருவோடு அதுவும் போய்விடும். மரச் சாமான் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்குகிற கடையில் நான்கு சுழி (0000) ஸ்டீல் உல், அதாவது மிக மெல்லிய இரும்பு இழை, கிடைக்கும். அதில் மெல்லிய எண்ணெய் நிறையத் தொட்டு, அழுத்தாமல், பழுப்புள்ள இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் வேண்டவே வேண்டாம், கோடு விழும். பழுப்பு எண்ணெயில் கரைந்து வரும், துணியால் ஒற்றி எடுத்து மறுபடி. அப்புறமும் புள்ளியாகக் குழி தெரிந்தால் விட்டுவிடுங்கள், குழியை அடைக்க யாராலும் முடியாது. குழலுக்கு உள்ளே வெளிச்சம் காட்டிப் பாருங்கள். உள்ளே குழி விழுந்திருந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் காட்டாமல் ஒரு தோட்டாவும் போடக் கூடாது. பழுது பார்ப்பதற்கே ஆயுதச் சட்டத்தில் தனி உரிமம் வேண்டும், ஊர் லேத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகக் கெட்டுக் கொழுப்பமிலம் விடும், பிசுபிசுத்து விசைக்குள் அடைத்துக்கொள்ளும். போதாததற்கு உங்கள் ஊர்க் குளிரில் உறைந்தும் போகும். டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்பிரே, தண்ணீரை வெளியே தள்ளவும் இறுகிய கத்தரியைத் திறக்கவும் அருமையானது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுகிற படலம் மெல்லியது. அடித்துவிட்டு மூன்று மாதம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். துப்பாக்கிக்கு, மாதம் ஒரு முறை எடுத்துப் பார்க்கிற அப்பாவின் பழக்கம் தொடரும் என்றால், தையல் மெஷின் எண்ணெயே தாராளம். துணியில் தொட்டு, மேலே எண்ணெய் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லிசாக. நிறைய ஊற்றினால் வழிந்து துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் இறங்கும், மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். குழல் வாய் கீழே பார்க்க நிறுத்தினால் மிச்ச எண்ணெய் கட்டைப் பக்கம் வராது. குழலுக்கு உள்ளே தடவிய எண்ணெயை, சுட வேண்டி வந்தால், காய்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் சுட வேண்டும்.

மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்கிற கருவிக்கு ரஸ்ட் பிரிவெண்டிவ் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். ஓசூரில் ஆயில் கடையில் ஆர்.பி. ஆயில் என்றால் தெரியும். தடவியதும் அதிலுள்ள கரைப்பான் பறந்து மெழுகு மாதிரிப் படலம் நிற்கும். எங்கள் டிஸ்பாட்சில் எல்லாப் பாகமும் அதில்தான் முங்கி எழும். கடப்பாரை, கோடாலி போன்ற முரட்டுச் சாமானுக்கு வாஸ்லினோ கிரீஸோ போதும், அல்லது நன்றாகத் தேய்த்து ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துவிட்டால் அந்தக் கவலையே விட்டது, கூர் முனையை மட்டும் விட்டு.

ஒன்று விட்டுப் போனது: விரல். எங்களுக்கு வருகிற புகாரில் பாதி, பாகத்தின் மேல் துருவில் பதிந்த விரல் ரேகை. வேர்வையில் உப்பு இருக்கிறது. அதிலும் சிலர் தொட்டால் மறுநாளே ரேகை தெரியும், சிலர் நாள் முழுக்கத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ரேகை விழுகிற கைக்காரர்களை முடிவு நிலை ஆய்வு மேஜையில் உட்கார வைக்கவே மாட்டோம். அப்பா துடைத்து முடித்து உள்ளே வைக்கும்போது குழலை வெறும் கையால் பிடிக்காமல் அந்தத் துணியோடு பிடிக்கச் சொல்லுங்கள்.


அரூர் உலைக்களம்:

ஸ்டோர்ஸ் ஐயா சொன்னதோடு எங்கள் பட்டறை வழி ஒன்று. நல்ல துரு ஏறிய கொடுவாள், களைக்கொத்துக்குச் சோடா கொதி மட்டும் போதாது. புளியைக் கெட்டியாகக் கரைத்து, துருவின் மேல் அப்பி ராத்திரி விட்டுக் காலையில் தேய்த்தால் பளிச்சென்று வரும். புளிக்கு நம் ஊரில் பஞ்சமா? வேலை முடிந்ததும் சோடாத் தண்ணீரில் கழுவி அமிலத்தை முறிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும்.

அப்புறம் கடுக்காய். சித்தேரி மலைப் பக்கமிருந்து வருகிற கடுக்காயை உடைத்துக் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலைக் கொதிக்க வைத்து, அந்தக் கஷாயத்தை லேசாகத் துரு மிஞ்சிய இரும்பில் சூடாகத் தடவினால் கறுப்பாக மாறும். துவர்ப்பு இரும்போடு சேர்ந்து உண்டாகிற கறுப்பு அது, பழைய காலத்தில் மை செய்த அதே கறுப்பு. இரண்டு மூன்று தடவை பூசி, காய்ந்ததும் எண்ணெய் கொடுத்தால் அருவாளின் உடம்பு நாலு மழைக்குத் தாங்கும். கடையில் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று பாட்டிலில் விற்பதிலும் சிலது இந்தத் துவர்ப்புச் சரக்குதான்.

வாயைத் தீட்டினால் அந்த இடம் மறுபடி வெறும் இரும்புதான், அதற்குத் தினமும் துடைப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.


ஓசூர் ஸ்டோர்ஸ்:

கடுக்காய் சரியான வேலை, நானும் வழிமொழிகிறேன். தாத்தாவின் இழைப்புளி அலகின் பக்கவாட்டுக்கு அதையே செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் துப்பாக்கிக் குழல் பக்கமே போகக் கூடாது. துருவை எடுக்கிற அமிலம் கருநீலப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும், வெள்ளையாகத் திட்டு விழும். கத்தரியின் ஸ்பிரிங்கையும் ராத்திரி முழுக்க அமிலத்தில் ஊறவிடாதீர்கள், உடையும்.


காவல் 12 போர்:

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். முன்னாள் படைவீரன், இப்போது இரட்டைக்குழலோடு காவல் வேலை. துப்பாக்கியைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் சரி, தோட்டாவை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தோட்டாவின் மேல் எண்ணெய் படவே கூடாது. ஊடுருவுகிற எண்ணெய் அடியிலுள்ள, மருந்தைப் பற்றவைக்கிற கேப்புக்குள் போனால் வெடிக்காமல் போகும். அப்பா தோட்டாவைத் தோல் பெல்ட்டில் சொருகி வைத்திருந்தால் இன்றே உருவச் சொல்லுங்கள். பித்தளை அடியில் பச்சையாகப் பூக்கும். காகிதக் கூடு உள்ள பழைய தோட்டா மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு துப்பாக்கியின் அறைக்குள் இறங்காது. இறுக மூடுகிற டப்பா, அதுவும் துப்பாக்கி இருக்கிற பீரோவில் வேண்டாம், தனிப் பூட்டில்.

தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நமக்கு ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, முடிவு ஜூன் 4. அத்தனை வாரமும் வேறொருவர் அறையில் பல துப்பாக்கிகளோடு சேர்ந்து நிற்கும், இடையில் போய்த் துடைக்க முடியாது. அதனால் கொடுப்பதற்கு முந்தின நாள் ஸ்டோர்ஸ் ஐயா சொன்ன மெழுகுப் படல எண்ணெயை வெளியே கொஞ்சம் தாராளமாகத் தடவி, உள்ளேயும் துணி விட்டு, தோல் உறை இல்லாமல் கொடுங்கள். துணி சுற்றித் தரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம்பரோடு ரசீது வாங்குங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பி வந்த அன்றே பிரித்துத் துடைக்க வேண்டும். என் வழக்கம் இது.

உரிமத்தோடு குழல் வாய் வழியாக மருந்து இடிக்கிற பழைய வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: கருமருந்துக் கரியை எண்ணெய் எடுக்காது, அதில் உள்ளது பொட்டாசியம் உப்பு. சுட்ட அன்றே கொதி தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்து எண்ணெய் விட வேண்டும். ஒரு ராத்திரி விட்டாலே குழல் உள்ளே சிவந்துவிடும்.


ஊத்தங்கரை பரண்:

இதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது. காகிதம் எதுவும் இல்லை. முழுக்கத் துரு. அதையும் கடுக்காய் போட்டு நினைவாக வைத்துக்கொள்ளலாமா?


காவல் 12 போர்:

கடுக்காயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், துருப்பிடித்திருப்பது சாக்கு ஆகாது. நம் இரண்டு மாவட்டத்திலும் நாட்டுத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பு விடுகிறது. ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் பேசி ஒப்படைத்துவிடுங்கள். நீங்களாகப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போகாதீர்கள். உள்ளே மருந்து இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவும் கூடாது, பழைய கருமருந்து இன்னும் உயிரோடு இருக்கும். தாத்தா நினைவுக்கு அவருடைய கொடுவாள் இருக்குமே.


கெலமங்கலத்தான்:

எல்லோருக்கும் நன்றி. டிரம் வாங்கி பிளீச்சிங் பவுடரை மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டோம். ஜாலியை மேஸ்திரி நாளை அடைக்கிறார். தோல் உறை விஷயத்தில் அப்பா இன்னும் சமாதானம் ஆகவில்லை, ஆனால் தோட்டா பெல்ட்டின் அடியில் பச்சையைப் பார்த்ததும் பேச்சு குறைந்துவிட்டது.

இரண்டு சந்தேகம். சிலிக்கா ஜெல்லுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம், ஆன்லைனில் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்கு வருகிறதே, நம்பலாமா? மனையில் இருக்கிற மீட்டர் 68 காட்டும்போது என் பழையது 80 காட்டுகிறது.


ஓசூர் ஸ்டோர்ஸ்:

மீட்டரை நீங்களே சோதிக்கலாம். பாட்டில் மூடி ஒன்றில் கல்லுப்பு போட்டு, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் காற்றோடு மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு ராத்திரி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அது உப்பின் குணம், மாறாது. மீட்டர் 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துப் படியுங்கள். மனை மீட்டரையும் இப்படிச் சோதித்துவிடுங்கள், புழுவுக்கும் உதவும்.

சிலிக்கா ஜெல் இறுக மூடுகிற பெட்டிக்குத்தான். பீரோக் கதவின் சந்தில் விரல் போகும் என்றால், அது உங்கள் அறையையே காயவைக்கப் பார்த்து இரண்டு நாளில் நிறைந்துவிடும். நான் செய்வது: ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அதிகம் எடுக்காத கருவி, கூடவே நிறம் மாறும் ஜெல் ஒரு கைப்பிடி துணிப் பையில். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, கையால் அளையாதீர்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாகிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும், பல முறை இப்படிச் செய்யலாம். சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம். கால்சியம் குளோரைடு போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பா என்று அலமாரிக்கு விற்கிறார்களே, அது ஈரத்தைக் குடித்து அடியில் உப்புத் தண்ணீராக நிற்கும். கவிழ்ந்தால் பிளீச்சிங் பவுடர் கதைதான் திரும்ப. இரும்பு இருக்கிற இடத்தில் அதை நான் அனுமதிக்க மாட்டேன்.

பீரோவுக்கு வேறு வழி: சூடு. காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் அதே ஈரம் சதவீதத்தில் குறையும். 20 டிகிரியில் 75 சதவீதம் என்றால், 25 டிகிரிக்கு ஏற்றினால் 55 ஆகிவிடும். மழை, பனி மாதங்களில் பீரோ அடித்தட்டில் 15 வாட் இழை பல்பு ஒன்று, சுற்றிக் கம்பி வலை, மேலே ஒரு சின்ன ஓட்டை. எல்.இ.டி. சூடு தராது, பழைய மஞ்சள் பல்புதான் வேண்டும். துணி, காகிதம், எண்ணெய்த் துணி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வயரிங்கை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். தோட்டா அந்த பீரோவில் இல்லை என்பதை இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வி.சி.ஐ. காகிதம் என்று ஒன்று உண்டு. ஓசூர் சிப்காட் பக்கம் பேக்கிங் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். அதிலிருந்து ஆவியாகிற மருந்து இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். காய்ந்த, சுத்தமான கருவியை அதில் சுற்றி மேலே பாலித்தீன் கவர் போட்டு ஒட்டினால் எண்ணெயே இல்லாமல் ஒரு வருஷம் இருக்கும். திறந்து வைத்தால் மருந்து பறந்துவிடும், பயன் இல்லை. இரும்புக்கான காகிதத்தில் பித்தளையைச் சுற்றாதீர்கள், நிறம் மாறலாம்.


கெலமங்கலத்தான்:

அந்தக் காகித ஆவி புழுவுக்கு ஆகுமா? கொசுவர்த்திப் புகைக்கே புழு சுருண்டுவிடும். கருவிப் பெட்டியில் கற்பூரம் போடச் சொல்லிச் சித்தப்பா வேறு சொல்கிறார்.


ஓசூர் ஸ்டோர்ஸ்:

சரியான கேள்வி. கற்பூரம் பழைய மெக்கானிக்குகளின் வழக்கம், இறுக்கமான பெட்டிக்குள் ஓரளவு உதவும். ஆனால் வாசனை, ஆவி எதுவாக இருந்தாலும் மனைச் சுவரைத் தாண்டி வருகிற இடத்தில் வைக்காதீர்கள். கற்பூரம், வி.சி.ஐ., ஸ்பிரே எல்லாம் வீட்டு முன் அறையில் இருக்கிற பெட்டிக்கு மட்டும். மனைக்குப் பக்கத்து அறையில் தினசரி எடுக்கிற கொடுவாளும் கவாத்துக் கத்தரியும் போதும். சாயங்காலம் இலைப் பாலைக் கழுவித் துடைத்து, துளி எண்ணெய் கத்தரியின் ஆணியில் மட்டும் விடுங்கள். மல்பெரியைத் தொடுகிற அலகைக் காலையில் வெட்டப் போகும் முன் காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போங்கள். இழைப்புளியை எப்போதாவது பிரித்தால் அலகின் போட்டோ ஒன்று போடுங்கள், எந்த இரும்பு என்று பார்க்க ஆசை.